மணலில் தொடங்கிய பாடம் – ஆண்ட்ரூ பெல் ஐயரின் வாழ்க்கை

சென்னை எழும்பூர் ரயில் நிலையத்தை அறியாதவர்கள் நம் சபையில் அநேகமாக இருக்க மாட்டார்கள். பாளையங்கோட்டையிலிருந்தும் நாசரேத்திலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் நேர்முகத் தேர்வுக்காகவும் விசா வேலைக்காகவும் சென்னைக்கு ரயிலேறிய நம்மில் பலர் இறங்கிய இடம் அது. அந்த நிலையம் 1908-ல் திறக்கப்பட்டது. அதற்கு நூறு ஆண்டுகளுக்கும் முன்னர், அந்தப் பகுதியில் ஒரு சிறு கோட்டையும் அதற்குள் அநாதைப் பிள்ளைகளுக்கான ஒரு பள்ளியும் இருந்தன. அந்தப் பள்ளியில் ஒரு குருவானவர் செய்து பார்த்த கற்பித்தல் முறை, சில ஆண்டுகளுக்குள் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, கனடா என்று கடல் கடந்து பரவியது. போன இடமெல்லாம் அதற்கு வழங்கிய பெயர் மெட்ராஸ் முறை.

அந்தக் குருவானவர் ஆண்ட்ரூ பெல். ஆசிரியப் பயிற்சி பெற்றவர்கள் இவர் பெயரைக் கல்வி வரலாற்றுப் பாடத்தில் ஒரு வரியாகப் படித்திருப்பார்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் உள்ள வாழ்க்கையை நம் ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர்களும் பெற்றோரும் அறிந்துகொள்வது நல்லது. வகுப்பில் பிள்ளைகளின் மனதை எப்படிப் பிடித்து வைப்பது என்று நாம் கேட்கும் கேள்வியோடுதான் அவரும் போராடினார். விடை கிடைத்தது நம் ஊர்த் திண்ணையில்.

பயந்துகொண்டே பள்ளிக்குப் போன சிறுவன்

பெல் 1753 மார்ச் 27 அன்று ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் கடற்கரை ஊரில் பிறந்தார். தகப்பனார் முடிதிருத்துபவர், கைவேலைகளிலும் விஞ்ஞானத்திலும் ஆர்வம் உள்ளவர். மகனும் கணக்கில் கெட்டிக்காரன். ஆனால் பள்ளிக்கூடம் அவனுக்கு நடுக்கம் தரும் இடமாக இருந்தது. எந்தப் பிழைக்கு எப்போது பிரம்படி விழும் என்று தெரியாது. லத்தீன் இலக்கண விதிகளைப் பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்ய வேண்டும். அது அவனுக்கு வரவே இல்லை. வகுப்புக்குப் போகும்போதெல்லாம் உடல் நடுங்கியதை முதிய வயதிலும் அவர் மறக்கவில்லை.

செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்துத் தேர்ந்தபின், 1774-ல் வேலை தேடி அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்குக் கப்பலேறினார். அங்கே ஒரு செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். புகையிலை வியாபாரமும் செய்தார். அமெரிக்க சுதந்திரப் போரின் குழப்பத்தில் 1781-ல் ஊர் திரும்பும் வழியில் கப்பல் உடைந்து, உயிர் தப்பினார். பின்னர் இங்கிலாந்து திருச்சபையில் குருப்பட்டம் பெற்று, சில காலம் ஸ்காட்லாந்தில் ஊழியம் செய்தார்.

1787-ல் அவர் இந்தியாவுக்குக் கப்பலேறியபோது மனதில் இருந்தது மிஷனரி ஊழியம் அல்ல. அறிவியல் சொற்பொழிவுகள் நடத்தலாம், கொஞ்சம் பொருள் சேர்க்கலாம் என்ற எண்ணமே முதன்மையாக இருந்தது. பிழைப்புக்காகக் கடல் கடந்த நம்மவர்களுக்கு இது புரியாத விஷயம் அல்ல. கல்கத்தாவுக்குப் போக நினைத்து வந்தவர் மதராஸில் இறங்கி, அங்கேயே தங்கிவிட்டார். கம்பெனியின் படைப்பிரிவுகளுக்கு ஆராதனை நடத்தும் குருவாக ஒன்றல்ல, பல நியமனங்கள் அவருக்குக் கிடைத்தன. கையில் பணம் சேர்ந்தது. மதராஸில் அவர் நடத்திய சொற்பொழிவுகளில் மின்சாரச் சோதனைகளைக் காட்டினார், அந்த வெயிலூரில் ஐஸ் கட்டி செய்து காட்டினார், பலூனும் பறக்கவிட்டார். கேட்டதைவிடக் கண்ணால் கண்டதே மனதில் தங்கும் என்பதை அவர் அப்போதே அறிந்திருந்தார்.

எழும்பூரில் ஒரு சுணங்கிய பள்ளி

1789-ல் எழும்பூரில் ராணுவ ஆண் பிள்ளைகள் இல்லம் தொடங்கப்பட்டது. ஐரோப்பியப் போர்வீரர்களுக்கு இந்தியத் தாய்மாரிடம் பிறந்த பையன்களுக்காக ஏற்பட்ட இல்லம் அது. சிலருடைய தகப்பன்மார் போரில் இறந்தவர்கள்; சிலருடைய தகப்பன்மார் இருந்தும் இல்லாதவர்கள். இரு தரப்புச் சமூகமும் இந்தப் பிள்ளைகளைத் தங்களுடையவர்கள் என்று ஏற்கவில்லை. புத்தியில்லாதவர்கள், உழைக்கத் தெரியாதவர்கள் என்று சென்னைப்பட்டினத்து ஆங்கிலேயர் இவர்களைப் பற்றிப் பேசினார்கள். தாய்மாரைப் பற்றி ஆங்கிலேயரிடம் இருந்த அதே தாழ்வான எண்ணம் பெல் ஐயரிடமும் இருந்தது என்பதை அவர் எழுதியவற்றில் காணலாம். அந்தக் குறையை மூடி மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பிள்ளைகளின் அறிவைப் பற்றிய ஊர்ப்பேச்சை அவர் நம்பவில்லை. அவர்களை நன்றாகக் கற்பித்தால் எவருக்கும் குறைய மாட்டார்கள் என்று எண்ணி, இல்லத்தின் மேற்பார்வையை ஏற்றார். அதற்கெனச் சம்பளம் தர முன்வந்தார்கள், வேண்டாம் என்றார்.

முதல் சில மாதங்கள் பெரிய ஏமாற்றம். இல்லத்தில் இருந்த ஆசிரியர்கள் வேறு வேலை கிடைக்காமல் வந்தவர்கள். பிள்ளைகளுக்கு எழுத்துப் படிப்பதே மாதக்கணக்கில் இழுத்தது. சிறுவர்கள் எழுத்துகளைப் பார்த்தபடி மரம்போல் உட்கார்ந்திருந்தார்கள். அடி விழுந்தது, அழுகை வந்தது, எழுத்து வரவில்லை. பெல் ஐயருக்குத் தம் சிறுவயது வகுப்பறையையே மறுபடி பார்ப்பது போலிருந்தது.

திண்ணையில் கண்ட காட்சி

ஒரு நாள் காலை அவர் குதிரையில் போகும்போது ஒரு திண்ணைப் பள்ளியைக் கடந்து சென்றார். அந்நாளைய ஆங்கிலேயர் தமிழரை மலபாரிகள் என்றே சொல்வார்கள். அவர் குறிப்பிலும் அது மலபார்ப் பள்ளிதான். சிறு பிள்ளைகள் தரையில் அமர்ந்து, எதிரே பரப்பிய மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுதும் எழுத்தை வாய்விட்டுச் சொன்னார்கள். பிழை வந்தால் உள்ளங்கையால் தடவி அழித்துவிட்டு மறுபடி எழுதினார்கள். ஒருவனும் சும்மா இருக்கவில்லை.

நம் தாத்தா பாட்டிமாருக்கு இது அதிசயமே அல்ல. அண்ணாவியார் வீட்டுத் திண்ணையில் மணலில் அ, ஆ எழுதித்தான் தமிழகம் தலைமுறை தலைமுறையாகப் படித்தது. விரல் பழகியபின் ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். அண்ணாவியார் ஒருவரே எல்லாரையும் பார்க்க முடியாது என்பதால், கொஞ்சம் தேறிய பையன் சட்டாம்பிள்ளையாக இருந்து சிறியவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான். 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் தமிழ் எழுத்துகளைக் கற்றதும் இப்படித்தான். பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, மணலில் விரல் வைத்து எழுதினார். அந்த விரல்தான் பின்னாளில் தமிழில் புதிய ஏற்பாட்டை எழுதி, 1715-ல் அச்சேற்றி முடித்தது. திண்ணைப் பள்ளிகளில் பிரம்பும் கடுமையான தண்டனைகளும் இருந்தன. எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் அங்கே இடம் இருக்கவும் இல்லை. ஆனாலும் எழுத்தைக் கையும் வாயும் கண்ணும் ஒன்றாகப் பழகும் அந்த வழி நல்ல வழி. பெல் ஐயரின் கண்ணில் பட்டது அதுவே.

குதிரையைத் திருப்பிக்கொண்டு பள்ளிக்கு விரைந்தார். கடைசி வகுப்புப் பிள்ளைகளுக்கு மணலில் எழுதக் கற்றுக்கொடுங்கள் என்றார். அந்த வகுப்பு ஆசிரியருக்கு அது பிடிக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து, இது நடக்காத காரியம் என்று கைவிரித்துவிட்டார். அவரோடு வாதாடிப் பயனில்லை என்று கண்ட பெல் ஐயர், வேறொருவரைத் தேடினார்.

எட்டு வயது ஆசிரியன்

அவர் கண்டுபிடித்தவன் ஜான் ஃபிரிஸ்கன். ஒரு சாதாரணப் படைவீரனின் மகன், வயது எட்டு. அவனிடம் எழுத்து வகுப்பை ஒப்படைத்து, எப்படி நடத்த வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். பெரிய ஆசிரியர் முடியாது என்றதைச் சிறுவன் செய்து முடித்தான். மணலில் எழுதிய பிள்ளைகள் எழுத்துகளை விரைவாகக் கற்றுக்கொண்டார்கள். சாமுவேலாகிய சிறுவனைக் கொண்டு ஏலிக்குச் செய்தி அனுப்பிய ஆண்டவர், எழும்பூரிலும் ஒரு சிறுவனைக் கொண்டு பெரியவர்களுக்குப் பாடம் சொன்னார் என்று நாம் எண்ணிக்கொள்ளலாம்.

ஃபிரிஸ்கன் வெற்றி பெற்றது எப்படி? அவனுக்கு எழுத்து வந்து நெடுநாள் ஆகவில்லை. ஆகவே எந்த இடத்தில் தடுமாற்றம் வரும் என்பது அவனுக்கு நினைவிருந்தது. எதிரே இருப்பவனும் தன்னைப் போன்ற சிறுவன். அவனிடம் பயம் இல்லை. கற்பிக்கக் கற்பிக்க அவனுடைய சொந்தப் படிப்பும் உறுதிப்பட்டது. இதைக் கண்ட பெல் ஐயர் மற்ற வகுப்புகளுக்கும் பையன்களையே நியமித்தார். ஒவ்வொரு வகுப்பிலும் தேறியவனும் தடுமாறுபவனும் ஜோடியாக உட்கார்ந்தார்கள். பாடத்தைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்தார். ஒவ்வொரு துண்டும் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அந்தத் துண்டு நன்றாக வந்தபின்தான் அடுத்ததற்குப் போகலாம். சரியாகச் சொன்னவன் வரிசையில் மேலே வருவான். நாளைக்கு அந்த இடம் இன்னொருவனுக்குக் கிடைக்கலாம். ஒரு பாடத்தில் பின்தங்கியவன் வேறொரு பாடத்தில் முன்னே நிற்கலாம்.

பிரம்படியும் குறைந்தது. தவறு செய்தவர்களின் பெயர் ஒரு கறுப்புப் புத்தகத்தில் எழுதப்படும். வாரத்துக்கு ஒருமுறை எல்லாப் பிள்ளைகளும் கூடியிருக்க அந்தப் புத்தகம் வாசிக்கப்படும். பிள்ளைகளிலேயே சிலர் நடுவர்களாக இருந்து, என்ன தண்டனை என்று சொல்வார்கள். தங்கள் நண்பர்களே நியாயம் தீர்க்கிறார்கள் என்பதால் முறையீடு குறைந்தது. பல சமயம் மன்னிப்பே தீர்ப்பாயிற்று.

பெரிய பையன்களுக்குத் தம்முடைய அறிவியல் கருவிகளையே கொடுத்துச் சோதனைகள் செய்யப் பழக்கினார். அவர்களில் ஒருவன் வில்லியம் ஸ்மித். 1794-ல், பிணையாக மதராஸில் இருந்த திப்பு சுல்தானின் பிள்ளைகள் திருப்பி அனுப்பப்பட்டபோது, பதினேழு வயது ஸ்மித்தும் கருவிகளோடு உடன் சென்றான். திப்பு சுல்தான் முன்னிலையில் இயற்பியல் சோதனைகளைச் செய்து காட்டினான். புத்தியில்லாதவர்கள் என்று ஊரார் தள்ளிவைத்த பிள்ளைகளில் ஒருவன், ஓர் அரசருக்கு முன்பாக அறிவியல் ஆசிரியனாக நின்றான்.

புகழும் அதன் விலையும்

உடல்நலம் குன்றியதால் 1796-ல் பெல் ஐயர் இந்தியாவை விட்டுப் புறப்பட்டார். சேர்த்த பணம் 25,000 பவுனுக்கும் மேல். எழும்பூர்ச் சோதனையைப் பற்றிய அறிக்கையை 1797-ல் லண்டனில் சிறு நூலாக வெளியிட்டார். அடுத்த ஆண்டே லண்டனில் ஒரு தர்மப் பள்ளி அம்முறையை ஏற்றது. 1801 முதல் ஸ்வானேஜ் என்னும் ஊரில் சபைக் குருவாக இருந்தபோது, அங்கிருந்த பள்ளிகளிலும் ஓய்வுநாள் பாடசாலைகளிலும் அதை நடத்திக் காட்டினார். அதே காலத்தில் லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்ற குவேக்கர் சபை இளைஞரும் இதைப் போன்ற முறையில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பெரிய பள்ளி நடத்தினார். முதலில் கண்டுபிடித்தவர் யார் என்று இருவருடைய ஆதரவாளர்களும் ஆண்டுக்கணக்கில் சண்டையிட்டார்கள். பெல் ஐயர் பார்த்த அந்தத் திண்ணையின் அண்ணாவியாரைப் பற்றி அந்தச் சண்டையில் எவரும் கேட்கவில்லை. அவர் பெயர் எங்கும் பதிவாகவில்லை.

1811-ல் இங்கிலாந்து திருச்சபை ஏழைப் பிள்ளைகளின் கல்விக்காக ஒரு தேசியச் சங்கத்தை நிறுவி, பெல் ஐயரின் முறையையே தன் முறையாக ஏற்றது. கோல்ரிட்ஜ், சதே, வேர்ட்ஸ்வொர்த் போன்ற பெருங்கவிஞர்கள் அவரைப் போற்றினார்கள். கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கிலும் மெட்ராஸ் என்ற பெயரிலேயே பள்ளிகள் எழுந்தன. அவர் இறக்கும் காலத்தில் இம்முறையைப் பின்பற்றிய பள்ளிகள் 12,000-க்கு மேல் என்று கணக்கிட்டார்கள்.

ஆனால் பரவப் பரவ அதன் உயிர் குறைந்தது. தொழிற்சாலை நகரங்களில் ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை அடைத்து, ஒரே ஒரு ஆசிரியரை வைத்து நடத்தினார்கள். செலவு குறைவு என்பதே பெரிய கவர்ச்சியாயிற்று. பாதி படித்த சட்டாம்பிள்ளைகள் கிளிப்பிள்ளைகள்போல் கேள்வி கேட்டார்கள். மற்றவர்கள் கிளிப்பிள்ளைகள்போல் விடை சொன்னார்கள். எழும்பூரில் ஃபிரிஸ்கனின் பக்கத்தில் தினமும் நின்று, காட்டிக்கொடுத்து, ஊக்கப்படுத்திய பெல் ஐயரைப் போன்ற ஒருவர் அங்கே இல்லை. முறை மட்டும் வந்தது. முறைக்குள் இருந்த அன்பான கண்காணிப்பு கூட வரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வந்தபோது, அம்முறை மெல்ல மறைந்தது.

பெல் ஐயரின் சொந்த வாழ்க்கையிலும் கசப்பு இருந்தது. 1800-ல் செய்த திருமணம் சில ஆண்டுகளில் பிரிவில் முடிந்தது. முதுமையில் புகழாசையும் பிடிவாதமும் மிகுந்தன; உடன் உழைத்தவர்களிடம் கடுமையாக நடந்தார். இருந்தும் சேர்த்த செல்வத்தில் சுமார் 1,20,000 பவுனை, தம் இறுதி நாட்களில் பள்ளிகளுக்காக எழுதிவைத்தார். 1832 ஜனவரி 27 அன்று செல்ட்டனமில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அடுத்த ஆண்டு அவர் பிறந்த ஊரில், அவர் பணத்தில் மெட்ராஸ் காலேஜ் திறக்கப்பட்டது. அந்தப் பள்ளி இன்றும் அதே பெயரில் நடக்கிறது. 1876-ல் எடின்பரோவிலும் செயின்ட் ஆண்ட்ரூஸிலும் கல்வியியலுக்கென்று பேராசிரியர் பதவிகள் ஏற்பட்டதும் அவர் விட்டுச்சென்ற பணத்தால்தான்.

வளைகுடாவில் நம் வகுப்பறை

இந்த வாழ்க்கையை நம் சபையின் ஆண்டு விழா மலரில் எழுதக் காரணம் உண்டு. ஞாயிறு வேலை நாளாக இருந்த ஆண்டுகளில் நம் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை காலையில் ஓய்வுநாள் பாடசாலைக்கு வந்தார்கள். அமீரகத்தில் 2022 முதல் சனியும் ஞாயிறும் விடுமுறை ஆயின. நாள் மாறினாலும் வகுப்பின் கஷ்டம் மாறவில்லை. வாரம் முழுவதும் ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். அமீரகப் பள்ளிகளில் அரபியும் கட்டாயப் பாடம். தமிழ் வீட்டில் பேசும் மொழியாக மட்டும் நின்றுவிடுகிறது. பாமாலையைக் கையில் கொடுத்தால் ஆங்கில எழுத்தில் எழுதித் தரச் சொல்கிறார்கள். ஊரிலிருந்து பாட்டி வாசிக்கச் சொல்லும் சங்கீதத்தை வாசிக்க முடியாமல் கேமராவை விட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வகுப்பில் ஐந்து வயதும் பன்னிரண்டு வயதும் ஒரே அறையில். ஆசிரியரோ வாரம் முழுவதும் அலுவலகத்திலோ மருத்துவமனையிலோ உழைத்துவிட்டு வருபவர்.

எழும்பூர்ப் பள்ளி இதைவிட வசதியானதாக இருக்கவில்லை. அங்கே பலன் கொடுத்தவை பணம் கேட்காத காரியங்கள். முதலாவது, பிள்ளையின் கைக்கு வேலை. மணலுக்குப் பஞ்சமில்லாத நாட்டில் இருக்கிறோம். ஒரு தட்டில் மணலைப் பரப்பி அகரம் எழுதச் சொன்னால், ஐந்து வயதுப் பிள்ளை வேண்டாம் என்று சொல்லாது. பிழையை அழிப்பது அங்கே விளையாட்டு. நோட்டில் சிவப்பு மையால் வட்டமிடுவதுபோல் அது வலிக்காது. இரண்டாவது, சிறு பாடம். நாற்பது நிமிடம் தொடர்ந்து பேசுவதைவிட, பத்து நிமிடம் கதை, பத்து நிமிடம் எழுத்து, பத்து நிமிடம் பாட்டு, பத்து நிமிடம் பிள்ளைகளே அந்தக் கதையைத் திருப்பிச் சொல்வது என்று பிரித்துக்கொள்ளலாம். மூன்றாவது, பயமின்மை. நடுங்கும் பிள்ளைக்கு எதுவும் ஏறாது என்பதை பெல் ஐயர் தம் உடம்பிலேயே கற்றார்.

நான்காவது, எல்லாவற்றிலும் முக்கியமானது, நம்மிடையே இருக்கும் ஃபிரிஸ்கனைக் கண்டுபிடிப்பது. பெற்றோருக்கு இங்கே வேலை கிடைத்து, புதிதாக ஊரிலிருந்து வந்த பிள்ளை ஒன்று அநேகமாக எப்போதும் வகுப்பில் இருக்கும். ஆங்கிலம் தடுமாறுவதால் மூலையில் உட்கார்ந்திருக்கும். மற்றவர்கள் சிரித்துவிடுவார்களோ என்று வாய் திறக்காது. ஆனால் அந்த வகுப்பில் வேதத்தைத் தமிழில் தடையின்றி வாசிக்கத் தெரிந்தது அந்தப் பிள்ளைக்கு மட்டுமே இருக்கலாம். அவனிடம் நான்கு சிறு பிள்ளைகளையும் ஒரு மணல் தட்டையும் ஒப்படைத்துப் பாருங்கள். நான்கு பேருக்குத் தமிழ் வரும். அவனுக்கு இந்தச் சபையில் ஓர் இடம் கிடைக்கும். அதேபோல், இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை அவனுக்கு ஆங்கிலத்திலோ அரபியிலோ கைகொடுக்கட்டும். ஒருவருக்கொருவர் ஆசிரியராக இருக்கும் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஏளனம் செய்வது குறையும்.

அதற்காக ஆசிரியர் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று பொருள் அல்ல. இங்கிலாந்தில் நேர்ந்த பிழை அதுதான். சின்ன ஆசிரியனின் பக்கத்தில் பெரிய ஆசிரியர் நிற்க வேண்டும். வகுப்புக்கு முன் அவனோடு பாடத்தைப் பார்க்க வேண்டும். முடிந்தபின் அவனைப் பாராட்ட வேண்டும். பெற்றோர்களும் வாரத்தில் ஒரு மாலையாவது, வீட்டில் பிள்ளை தங்களுக்குப் பாடம் நடத்தும்படி உட்கார்ந்து கொடுக்கலாம்.

எழும்பூர் இல்லத்துப் பையன்களைச் சமூகம் இரண்டு நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் என்று சொன்னது. நம் பிள்ளைகளும் சில சமயம் அப்படி உணர்கிறார்கள். ஊருக்குப் போனால் வளைகுடாப் பிள்ளை, இங்கே இருந்தால் வெளிநாட்டுப் பிள்ளை. அவர்களுக்குச் சொந்தமான ஓர் இடமாக நம் ஓய்வுநாள் பாடசாலை வகுப்பறை இருக்கட்டும். பலனை எதிர்பாராமல் அங்கே உழைக்கும் நம் சபையின் ஆசிரியப் பெருமக்கள் அனைவரையும், பெயர் தெரியாத அந்தத் திண்ணை அண்ணாவியாரை நினைவில் வைத்திருக்கிற ஆண்டவர், நிறைவாக ஆசீர்வதிப்பாராக.